அப்பாவின் சாயா கிளாஸ்

ஏற்காடு,
15.8.2025

அன்புள்ள பெமி,

இதை அப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். முட்டு வலியோடு குளச்சலிலிருந்து பேருந்தும் ரயிலுமாக ஏறி என்னைப் பார்க்க வந்துவிட்டார். அம்மாவின் முதுகு எப்படி இருக்கிறது? ஆபரேஷன் செய்து மூன்று வருடம் ஆனாலும் குடம் தூக்க விடாதே.

இந்தக் கடிதத்தை எங்கள் மடத்து மதர் பார்க்கப் போவதில்லை. அதனால்தான் உள்ளதை எழுதுகிறேன். நவதுறவு என்கிற இந்தப் பயிற்சிக் காலம் முடியும்வரை எங்களுக்குப் போன் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு கடிதம் எழுதலாம். நாங்கள் எழுதுவதையும் எங்களுக்கு வருவதையும் மதர் பிலோமின் வாசித்த பிறகே கொடுப்பார்கள்.

நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். மே மாதம் மடத்தில் சேர வந்தபோது நீ ஒரு டின் நிறைய முந்திரிக்கொத்து செய்து தந்தாய். மதர் இரண்டு எடுத்துத் தின்றுவிட்டு, யார் செய்தது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். வீட்டில் பழகிய வாய், அப்படியே வந்துவிட்டது. அங்கே நீ அடுப்படியில் செய்வாய், ஆட்கள் வந்தால் வெளியே வரமாட்டாய். நான் தட்டை எடுத்துக்கொண்டு போவேன். வந்தவர்கள் என்னைப் புகழ்வார்கள். நான் மறுத்ததில்லை. நீயும் ஒன்றும் சொன்னதில்லை.

இப்போது அது எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது பார். டிசம்பர் 26 அன்று மடத்து நண்பர்களுக்கு இரவு விருந்து. பால்காரர் குடும்பம், டாக்டரம்மா, பள்ளி ஆசிரியர்கள் என்று முப்பது பேர். இனிப்பு முழுவதும் சுனிதா பொறுப்பு என்று மதர் சொல்லிவிட்டார்கள். நானும் ஆறு வகை செய்கிறேன் என்று தலையாட்டிவிட்டேன். எனக்கு வெந்நீர் மட்டும்தான் போடத் தெரியும்.

இனி வரும் கடிதங்களில் மறந்துபோனதைக் கேட்பதுபோலக் கேட்பேன். நீ நினைவுபடுத்துவதுபோல எழுது. உன்னிடம் இப்படிக் கேட்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் அக்கா,
சுனிதா


குளச்சல்,
14.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா பத்திரமாக வந்து சேர்ந்தார். உன் சேதியெல்லாம் சொன்னார். அவருக்கு முட்டு வலி, அம்மாவுக்கு முதுகு, எனக்கு ஒரு குறைவும் இல்லை. உனக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. மூன்று தடவை எழுத உட்கார்ந்து மூன்று தடவையும் எழுந்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவள், பிழை இருந்தால் மதர் பொறுத்துக்கொள்ளட்டும்.

விருந்து பற்றி அப்பா சொன்னார். ஆறு வகை வேண்டாம். முப்பது பேர் என்றாலும் நீ எப்போதும் மூன்றுதானே செய்வாய்? இரண்டு நாள் முன்னால் செய்து டின்னில் போடுவதற்கு முந்திரிக்கொத்து. அன்று காலையில் காய்ச்சி ஊற்றி உறையவிடுவதற்கு இளநீர்க் கடல்பாசி. ஆட்கள் உட்கார்ந்த பிறகு சூடாகக் கொடுக்க ஏத்தம்பழப் பாயசம். ஒன்று கடிக்க, ஒன்று வழுக்க, ஒன்று குடிக்க. மூன்றும் ஒரே நேரத்தில் அடுப்புக் கேட்காது. இதை நீதான் அடிக்கடி சொல்வாய்.

உனக்கு என்ன மறந்தது என்று எழுது.

இப்படிக்கு,
தங்கை


ஏற்காடு,
5.10.2025

அன்புள்ள பெமி,

உன் கடிதம் இங்கே மூன்று கை மாறிவிட்டது. மதர் வாசித்துவிட்டு, சமையல் பார்க்கும் சிஸ்டரிடம் கொடுத்தார்கள். ஒன்று கடிக்க, ஒன்று வழுக்க, ஒன்று குடிக்க என்பதை அந்த சிஸ்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சுனிதா எவ்வளவு யோசித்துச் செய்கிறவள் என்று மதர் சொன்னார்கள். எனக்குக் காது சுட்டது.

குளிர் பரவாயில்லை. அம்மா கொடுத்தனுப்பிய கம்பளி போதும்.

எனக்கு அளவுகள் மறந்துவிட்டன. பயறு எவ்வளவு, எதுவரை வறுப்பது, பாகு எப்போது இறக்குவது, பாயசத்தில் தேங்காய்ப்பால் எப்போது ஊற்றுவது. உனக்கு நினைவிருப்பதை எல்லாம் எழுது. நான் எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை என்றே வைத்துக்கொள்.

நேற்று அடுப்படியில் என்னைத் தேங்காய் துருவச் சொன்னார்கள். விரலைத் துருவிக்கொண்டேன்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பு.

சுனிதா


குளச்சல்,
13.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

விரலில் மஞ்சள் வைத்தாயா? துருவும்போது கண்ணைத் தேங்காய் மூடிக்கு மட்டும் கொடு, பேச்சுக்குக் கொடுக்காதே. அம்மா எழுதச் சொன்னாள்.

முந்திரிக்கொத்து. சிறுபயறு இரண்டு கிளாஸ். நீ அதை நிறம் பார்த்து இறக்கமாட்டாய், மணம் பார்த்துத்தான் இறக்குவாய். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது என்ன வறுக்கிறீர்கள் என்று கேட்டால் அதுதான் பதம். ஆறவிட்டு, ரவை மாதிரி பொடிக்க வேண்டும். ஒரு மூடித் தேங்காய்த் துருவலையும் ஒரு பிடி எள்ளையும் தனியாக வறுத்துச் சேர்ப்பாய். பெரிய கருப்பட்டி ஒன்றை உடைத்துப் பாகு காய்ச்சி, வடிகட்டி, விரலில் நூல் இழுக்கும்போது பொடியில் ஊற்றுவாய். சூட்டோடு உருட்ட வேண்டும். கை சுடும். சுடாமல் உருட்டினால் உடையும். மூன்று உருண்டையை ஒட்டவைத்து, மஞ்சளும் உப்பும் போட்டுக் கரைத்த பச்சரிசி மாவில் முக்கி, தேங்காய் எண்ணெயில் பொரிப்பாய். முப்பது பேருக்கு எல்லாம் மூன்று மடங்கு.

கடல்பாசி. ஒரு பொட்டலம் பாசியை மூழ்கும் அளவு தண்ணீரில் ஊறவைத்துக் கரையக் காய்ச்சி, நாலு இளநீரும் சீனியும் சேர்த்து, தட்டில் ஊற்றி, வழுக்கையைக் கீறி மேலே போடுவாய். அப்புறம் அந்தத் தட்டை யாரும் தொடக்கூடாது. நீ கத்துவாய்.

பாயசம். நன்றாகக் கறுத்த ஏத்தம்பழம் பன்னிரண்டு, அங்கே கடையில் நேந்திரம்பழம் என்று கேள். அவித்து, நாரெடுத்து, மசித்து, நெய்யில் சுருளக் கிண்டுவாய். அதில் கருப்பட்டிப் பாகு, பிறகு இரண்டாம் பால். முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்றுவாய். அவசரப்பட்டு அடுப்பில் வைத்தே ஊற்றினால் திரிந்துபோகும். ஒரு தடவை அப்படித் திரிந்து நீ அழுதாய்.

நான் எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். நீ இவ்வளவு நன்றாகச் செய்வாய் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

இப்படிக்கு,
தங்கை


ஏற்காடு,
2.11.2025

அன்புள்ள பெமி,

அப்பா கடலுக்குப் போகிறாரா? இங்கே மூன்று நாளாக மழை, அங்கே எப்படி?

சோதனைக்காகச் செய்து பார்த்தேன். கடல்பாசி அழகாக உறைந்தது. இந்தக் குளிரில் உறையாமல் என்ன செய்யும். பாயசத்தைச் சமையல் சிஸ்டர் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்கள்.

முந்திரிக்கொத்துதான் உதிர்ந்துபோயிற்று. எண்ணெயில் போட்டதும் மாவு தனியாக, பயறு தனியாகப் பிரிந்து மணல் மாதிரி அடியில் தங்கியது. மறு வாரம் மறுபடி செய்தேன். அதே கதை. இந்த ஊர்ப் பயறு வேறு மாதிரி என்று மதரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மதர் பயறைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள்.

இன்னொன்று. நவம்பர் 30 முதல் திருவருகைக் காலம். அன்று தொடங்கி கிறிஸ்துமஸ் வரை கடிதம் எழுதவும் கூடாது, வாங்கவும் கூடாது. வருகிற கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வீட்டிலிருந்து சாமான் வந்தால் மட்டும் கொடுப்பார்கள். அதற்குள் துண்டுச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுவார்கள். ஆகையால் சொல்ல வேண்டியதை அதற்கு முன்னால் சொல். முந்திரிக்கொத்து இல்லாமல் நான் அந்த விருந்தில் நிற்க முடியாது. அதைத்தான் மதர் எல்லோரிடமும் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

சுனிதா


குளச்சல்,
10.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு நாளாகக் கடல் சரியில்லை, அப்பா வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். அம்மா அவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே நலமாக இருக்கிறாள்.

உதிர்ந்தது என்ற வரியை இரண்டு தடவை வாசித்தேன். என் முந்திரிக்கொத்து ஒருநாளும் உதிர்ந்ததில்லை. உன்னுடையதும் உதிர்ந்ததில்லை என்று எழுதத்தான் வந்தேன்.

பாகு இளம்பதமாக இருந்திருக்கும். இன்னும் கொஞ்சம் காயவிடு. பொடி மிகவும் நைசாக இருந்தாலும் பிடிக்காது. உருட்டும்போது ஆறியிருக்குமோ? எனக்குத் தெரிந்த காரணம் இவ்வளவுதான். நான் அங்கே நின்று பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவேன்.

வேறு ஒரு சேதி. அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்புக்குத் தொலி உரிக்கும் வேலை முடிந்து கருங்கல் ஜங்ஷனில் பேருந்துக்கு நின்றேன். என்னோடு ஒன்பதாம் வகுப்பில் படித்த அஜிதா எதிரே வந்தாள். இப்போது நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். படிப்பைப் பற்றிக் கேட்பாளே என்று வழக்கம்போல நான் பக்கத்துப் பாத்திரக்கடைக்குள் ஒதுங்கினேன். அவள் பின்னாலேயே வந்துவிட்டாள். "ஏட்டி பெமிலா, நீ மூணு வருஷமா எந்தக் கடைக்குள்ள எல்லாம் ஒளிஞ்சேண்ணு எனக்குத் தெரியும். சாமான் வாங்காம ஒளியப்பிடாதுண்ணு கடைக்காரரு சொல்லுகாரு" என்றாள். ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்படிக்கு,
தங்கை


குளச்சல்,
29.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் விருந்து முடிந்த பிறகுதான் உன் கைக்கு வரும். தெரிந்தேதான் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று இன்று முந்திரிக்கொத்து செய்தேன். பொடியில் பாகு ஊற்றினேன், பிடிக்கவில்லை. அழுத்திப் பிடித்து எண்ணெயில் போட்டால் அப்படியே உதிர்ந்தது. மணல் மாதிரி. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உனக்க கைக்கு இண்ணைக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. பிறகு பார்த்தேன், என் கையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அப்பாவின் சாயா கிளாசை அவர் வள்ளத்துக்குக் கொண்டுபோயிருந்தார். அது இல்லாததால் டம்ளரில் பயறு அளந்திருக்கிறேன். டம்ளர் அந்தக் கிளாசுக்கு இரண்டு மடங்கு பிடிக்கிறது. கருப்பட்டி அதே ஒன்று, தேங்காய் அதே ஒரு மூடி. எப்படிப் பிடிக்கும்?

இரண்டு கிளாஸ் என்று உனக்கு எழுதினேன். எந்தக் கிளாஸ் என்று எழுதவில்லை. எனக்கு உலகத்தில் ஒரே ஒரு கிளாஸ்தான். வரிவரியாக இருக்குமே, அடியில் அம்மா நீல பெயின்ட் பொட்டு வைத்தது. நீ மடத்து டம்ளரில் அளந்திருப்பாய். உன்னால் எந்தக் கிளாஸ் என்று கேட்கவும் முடியாது. நீ செய்த பலகாரம் அல்லவா.

நாளை முதல் கடிதம் பூட்டப்படும். ஆகவே இதைத் தனியாக அனுப்புகிறேன். கிளாசைத் தனியாக அனுப்புகிறேன். அதில் ஒரு சீட்டும் இருக்காது. பார்த்ததும் புரிந்துகொள்வாய் என்று நம்புகிறேன்.

அஜிதாவையும் எங்கள் வகுப்பில் படித்த பிளஸ்ஸியையும் 26ஆம் தேதி இரவு சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். நானே சொன்னேன்.

இப்படிக்கு,
தங்கை


பார்சல்
1.12.2025

பெறுநர்: சகோதரி சுனிதா, நவதுறவகம், ஏற்காடு
அனுப்புநர்: த. பெமிலா, குளச்சல்
உள்ளே: கண்ணாடி கிளாஸ் 1 (பழையது, உடையும்). கருப்பட்டி 1. துணியில் கட்டிய சிறுபயறு 2 கிளாஸ்.


குளச்சல்,
27.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் எப்படிப் போயிற்று? நேற்று முழுவதும் நீ அங்கே என்ன செய்துகொண்டிருப்பாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கிளாஸ் உடையாமல் வந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

இங்கே அந்தக் கிளாசால் ஒரு வாரம் சண்டை. "எனக்க கிளாசு எங்கட்டி?" என்று அப்பா கேட்டார். மடத்துக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். "அதுக்கும் தேவ அழைத்தல் வந்தாச்சா மக்கா?" என்றார். பிறகு டம்ளரில் ஊற்றிக்கொடுத்தால் சாயாவுக்கு ருசி இல்லை என்று பாதியை வைத்துவிடுகிறார்.

நேற்று நீ செய்யும் அதே மூன்றையும் நானும் செய்தேன். பயறு அளக்கக் கிளாஸ் இல்லையே என்று யோசிக்காதே. இந்தத் தடவை கண்ணால் அளந்தேன். சரியாக வந்தது.

அஜிதாவும் பிளஸ்ஸியும் வந்தார்கள். அப்பாவோடு வள்ளத்தில் போகும் அல்போன்ஸ் மாமாவும் வந்திருந்தார். சோறு முடிந்ததும் நான் தட்டை எடுத்தேன். எடுத்துக்கொண்டு கதவுவரை போனேன். பழக்கத்தில் உன்னைத் தேடினேன். தட்டை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. அம்மா எழுந்து வந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே கொண்டுபோய் வைத்தேன்.

அல்போன்ஸ் மாமா ஒன்றைக் கடித்துவிட்டு, "சுனிதா மடத்துக்குப் போனாலும் அவளுக்க ருசி வீட்டுலதான் இருக்கு. எழுதி அனுப்பினாளா?" என்றார்.

"இல்ல மாமா. இது நான் செய்தது. இதுக்கு முன்னாடி நீங்க தின்னதும் நான் செய்ததுதான்" என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். மாமா தட்டைக் கீழே வைத்து, "அப்போ இத்தன வருஷமும் நான் ஆளு மாறியா புகழ்ந்தேன்?" என்றார். "ஆமா மாமா, இனி முதல்ல இருந்து புகழுங்க" என்றாள் அஜிதா. எல்லோரும் சிரித்தார்கள். மாமா நிஜமாகவே முதலிலிருந்து தொடங்கினார். நாலு வருடத்துக்கு முந்திய ஈஸ்டர் பாயசம்வரை போய்விட்டார். நான் உள்ளே ஓடவில்லை அக்கா. கதவுக்கு இந்தப் பக்கமே நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

இதை மதர் வாசிப்பார்கள் என்று தெரியும். உனக்கு இதனால் சங்கடம் வந்தால் மன்னித்துக்கொள். ஆனால் ஒரு வரியையும் அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் தங்கை,
பெமி


ஏற்காடு,
27.12.2025

அன்புள்ள பெமி,

கிளாஸ் உடையவில்லை.

பார்சலைப் பிரித்ததும் கருப்பட்டியை ஒரு கையிலும் கிளாசை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றேன். பயறை அதில் கொட்டினேன். சரியாக இரண்டு தடவை. பிறகு அதே பயறை மடத்து டம்ளரில் கொட்டினேன். ஒரு டம்ளர்கூட நிறையவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன்.

நேற்று மூன்று டின் முந்திரிக்கொத்து. ஒன்றுகூட உதிரவில்லை. உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடக்கிறது. இத்தனை வருடம் உன் கை இப்படிச் சுட்டிருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

விருந்தில் டாக்டரம்மா எழுந்து, இதைச் செய்த கையை நான் பார்க்க வேண்டும் என்றார்கள். மதர் என்னைப் பார்த்தார்கள். என்னோடு இருக்கும் ஒரு சிஸ்டர் அந்த நேரம் பார்த்து அப்பாவின் கிளாசில் தண்ணீர் ஊற்றி யாருக்கோ கொடுக்கப் போனாள். நான் பாய்ந்து வாங்கிவிட்டேன். முப்பது பேரும் என்னைப் பார்க்கிறார்கள், கையில் சாயாக்கடை கிளாஸ். "இது என் தங்கச்சிக்க அளவு. பேரு பெமிலா. எல்லாம் அவ செய்யுறது. நான் தட்ட மட்டும்தான் தூக்கியிருக்கேன்" என்றேன். பதட்டத்தில் நம் ஊர்ப் பேச்சிலேயே வந்துவிட்டது.

பெமி, நீ கதவுக்குப் பின்னால் நின்றது எனக்கு வசதியாக இருந்தது. உனக்குக் கூச்சம் என்று எல்லோரிடமும் சொல்லுவேன். உன் கூச்சத்தில் நான் வாழ்ந்தேன். அதற்கு நீ என்ன வேண்டுமானாலும் எழுது, வாங்கிக்கொள்கிறேன். உன் நவம்பர் 29 கடிதத்தை இன்று காலையில்தான் அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார்கள்.

நான் விருந்தில் சொன்னதை அம்மாவிடமும் அப்பாவிடமும் நீயே சொல். கிளாசைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

உன் அக்கா,
சுனிதா

அன்புள்ள பெமிலாவுக்கு,

இதே தாளில் நானும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அக்கா ஒரு பக்கத்தில் எதையும் செய்யத் தெரியாமல் கேட்க, நீங்கள் மறு பக்கத்தில் நீ செய்வாய், நீ செய்வாய் என்று எழுதியதை அக்டோபரிலேயே வாசித்தேன். பாயசம் திரிந்ததற்கு அழுதவர் யார் என்றும் புரிந்தது. சுனிதா தன் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

பார்சலில் சீட்டு இருக்கிறதா என்று தேடினேன். கருப்பட்டியைத் தட்டிக்கூடப் பார்த்தேன், மன்னிக்கவும். கிளாசும் ஒரு கடிதம்தானா என்று வெகுநேரம் யோசித்தேன். எங்கள் விதியில் கிளாஸ் பற்றி எதுவும் எழுதவில்லை.

ஈஸ்டருக்கும் நண்பர்கள் வருகிறார்கள். எளிதாகச் செய்யக்கூடிய இன்னும் ஓர் இனிப்பு எழுதி அனுப்புவீர்களா? இந்தத் தடவை நீங்கள் செய்வதுபோல எழுதுங்கள்.

சகோ. பிலோமின்


குளச்சல்,
11.1.2026

அன்புள்ள அக்காவுக்கும் மதர் அவர்களுக்கும்,

இங்கே எல்லோரும் சுகம். அப்பா கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். உங்கள் கடிதத்தை அவருக்கும் அம்மாவுக்கும் நானே சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மா மறுபடி வாசிக்கச் சொன்னாள். மறுநாள் அல்போன்ஸ் மாமா வந்தபோது அவருக்கும் ஒரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

நாம் இரண்டு பேரும் ஒரே இரவில் சொல்லியிருக்கிறோம் அக்கா. உன்னைத் திட்ட நிறைய வைத்திருந்தேன். இப்போது தேடினால் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

கிளாசைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அன்று ஒளிந்தேனே அந்தப் பாத்திரக்கடை, அதே கடைக்குப் போய் அப்பாவுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் வாங்கிவிட்டேன். உன்னிடம் இருப்பது அடுப்படி அலமாரியிலேயே இருக்கட்டும். யாராவது தண்ணீர் குடிக்க எடுத்தால், அது என்ன கிளாஸ் என்று கேட்டால், என் பெயரைச் சொல்.

ஈஸ்டருக்கு வட்டயப்பம், ஆவியில் அவிக்கும் இனிப்பு அரிசியப்பம். நான் பச்சரிசி மூன்று கிளாஸ் எடுப்பேன். நாலு மணி நேரம் ஊறவிடுவேன்.

த. பெமிலா